தீவுகளை எட்டாத பாடத்திட்டம்: அந்தமானும் பொருள் வடிவமைப்புக் கல்வியும்

1958இல் இந்திய அரசிடம் அளித்த அறிக்கையில் சார்லஸ் ஈம்ஸும் ரே ஈம்ஸும் மிகவும் வியந்து எழுதிய பொருள் ஒரு சாதாரணச் சொம்பு. அதன் அழகைப் பாராட்டியதோடு அவர்கள் நிற்கவில்லை. அதில் எவ்வளவு நீர் கொள்ள வேண்டும், அதைத் தூக்குபவரின் கை எத்தகையது, தலையில் செல்லுமா இடுப்பில் செல்லுமா, வெறுமையாக இருக்கும்போதும் நிறைந்திருக்கும்போதும் எடை எங்கே நிற்கிறது, எளிதில் கழுவ முடியுமா, பயன் முடிந்தபின் அந்த உலோகத்துக்கு என்ன விலை கிடைக்கும் என்று கேள்விகளை அடுக்கினார்கள். அந்த அறிக்கையின் தொடர்ச்சியாகவே 1961இல் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் தோன்றியது. இந்தியாவில் பொருள் வடிவமைப்பு ஒரு கல்வித்துறையாக வேரூன்றிய வரலாறு அங்கிருந்து தொடங்குகிறது.

அதன்பின் துறை பரவிய வழியும் தெளிவானது. 1969இல் மும்பை ஐ.ஐ.டி.யில் தொழில் வடிவமைப்பு மையம், 1998இல் குவாஹாட்டி ஐ.ஐ.டி.யில் வடிவமைப்புத் துறை, 2007இல் காஞ்சிபுரத்தின் பெயர் தாங்கிச் சென்னையை அடுத்து அமைந்த தகவல் தொழில்நுட்ப, வடிவமைப்பு மற்றும் உற்பத்தி நிறுவனம், பின்னர் ஆந்திரம், ஹரியாணா, அசாம், மத்தியப் பிரதேசம் ஆகிய மாநிலங்களில் புதிய தேசிய வடிவமைப்பு நிறுவனங்கள். இந்தப் பட்டியலில் உள்ள எல்லாம் பெருநிலத்தில் உள்ளவை. அது வெறும் அமைவிடச் செய்தி என்று கடந்துவிடலாம். ஆனால் எங்கே அமர்ந்து கற்பிக்கப்படுகிறதோ அந்த இடத்தின் இயல்புகளை உலகத்தின் இயல்புகளாக எடுத்துக்கொள்ளும் பழக்கம் எந்தத் துறைக்கும் உண்டு. பொருள் வடிவமைப்பில் அந்தப் பழக்கத்தின் விலையை அந்தமான் நிக்கோபார் தீவுகள் நெடுநாளாகச் செலுத்தி வருகின்றன.

2011 கணக்கெடுப்பின்படி தீவுகளின் மக்கள்தொகை ஏறத்தாழ 3.8 இலட்சம். தாய்மொழி அடிப்படையில் அங்குள்ள பெரிய குழுக்களுள் தமிழரும் ஒன்று. 2024இல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றப்பட்ட போர்ட் பிளேர், சென்னையிலிருந்து கடல்வழியில் ஏறத்தாழ 1,200 கி.மீ. தொலைவில் உள்ளது. மின்விசிறி முதல் மீன் பதப்படுத்தும் பெட்டி வரை பெரும்பாலான பொருள்கள் அந்தக் கடலைக் கடந்தே வருகின்றன. அங்கிருந்து கார் நிக்கோபாருக்கோ கேம்ப்பெல் விரிகுடாவுக்கோ செல்ல மற்றொரு கப்பல் வேண்டும். பருவமழைக் காலத்தில் அந்தக் கப்பலின் நாள் கடலின் போக்கைப் பொறுத்தது. ஆகவே பழுதான ஒரு கருவியின் உதிரிப்பாகம் கிடைக்கப் பெருநிலத்தில் ஒரு நாள் ஆகுமென்றால், இங்கே வாரங்கள் ஆகலாம். இந்த ஒரு வேறுபாடே ஒரு பொருளின் வடிவமைப்பை அடியோடு மாற்றப் போதுமானது. எளிதில் கழற்றக்கூடிய திருகு, பல கருவிகளுக்கும் பொதுவான பாகம், உள்ளூரிலேயே செய்துகொள்ளக்கூடிய மாற்று ஆகியவை தீவில் அடிப்படைத் தேவைகள். பெருநிலத்து வகுப்பில் அவை ‘கூடுதல் சிறப்புகள்’ என்ற தலைப்பின் கீழ் வருகின்றன.

அடுத்தது உப்புக்காற்று. துத்தநாகம் பூசிய இரும்புத் தகடு துருவைத் தடுப்பதற்குக் காரணம், துத்தநாகம் தன்னை அழித்துக்கொண்டு இரும்பைக் காப்பதுதான். கடலோரக் காற்றில் உள்ள குளோரைடு அந்தப் பூச்சை விரைவில் தின்றுவிடுகிறது. தகட்டின் வெட்டு முனைகளிலும் திருகுத் துளைகளிலும் அழிவு முதலில் தொடங்குகிறது. அலுமினியச் சட்டத்தில் துருப்பிடிக்காத எஃகுத் திருகைப் பொருத்தினால், ஈரத்தில் அலுமினியம் திருகைச் சுற்றி அரிக்கப்படுகிறது. துருப்பிடிக்காத எஃகிலும் 304 என்ற வகையைவிட, மாலிப்டினம் சேர்ந்த 316 வகையே கடலோரத்தில் நிற்கும். இவை பொருளறிவியல் பாடநூல்களில் உள்ள செய்திகள்தாம். ஆய்வுக்கூடத்தில் உப்புத் தெளிப்புச் சோதனையும் உண்டு: 5 சதவீத உப்புக் கரைசலை 35 பாகை வெப்பத்தில் இடைவிடாது தெளிக்கிறார்கள். ஆனால் தீவின் காற்று இடைவிடாது தெளிப்பதில்லை. இரவில் நனைக்கிறது, நண்பகலில் காயவைத்து உப்பைச் செறிவாக்குகிறது, பின்னர் மழையால் கழுவுகிறது, மறுபடியும் நனைக்கிறது. சோதனையில் தேறிய பொருள் தீவில் தோற்பதற்கு இந்தச் சுழற்சியும் ஒரு காரணம். சோதனைச் சான்றிதழை மட்டும் கண்டு பட்டம் பெறும் மாணவருக்கு இந்த வேறுபாடு தெரிய வாய்ப்பில்லை.

இந்த அறியாமையின் விளைவை 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின் நிக்கோபாரில் காண முடிந்தது. வீடிழந்த மக்களுக்கு அவசரமாகத் தகரக் கொட்டகைகள் எழுப்பப்பட்டன. நிலநடுக்கோட்டை ஒட்டிய வெயிலில் தகரம் அடுப்பாகும் என்பதை அறிய ஆய்வு தேவையில்லை. இடைக்காலத்துக்கென்று சொல்லப்பட்ட அந்தக் கொட்டகைகளில் மக்கள் பல ஆண்டுகள் வாழ நேர்ந்தது. பிறகு கட்டப்பட்ட நிரந்தர வீடுகளின் பாகங்களும் பெருநிலத்திலிருந்து வந்தவை. அதற்கு முன் கார் நிக்கோபாரின் வீடு தேன்கூட்டைப் போல வட்டமான கூரையுடன், தரையிலிருந்து ஆளுயரத்துக்குத் தூண்களின்மேல் நின்றது. காற்று அடியிலும் புகுந்து சென்றது. வீட்டின் நிழலில் அன்றாட வேலைகள் நடந்தன. ஏணியை எடுத்துவிட்டால் வாசல் அடைபட்டது. அங்குள்ள பொருள்களாலேயே கட்டப்பட்டதால் பழுதுபார்க்கும் அறிவும் அங்கேயே இருந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, ‘துஹெத்’ எனப்படும் கூட்டுக்குடும்பம் அந்தக் குடியிருப்பு முறையை ஒட்டி வாழ்ந்தது. தனித்தனிக் குடும்பத்துக்குத் தனித்தனி அலகு என்று கணக்கிட்டு வழங்கப்பட்ட உதவி, அந்தச் சமூக அமைப்பையும் அசைத்துவிட்டதை மானிடவியலாளர்கள் எடுத்துக்காட்டியிருக்கிறார்கள்.

நெருக்கடி நேரத்தில் விரைவு தேவைப்பட்டது என்பது உண்மை. ஆயிரக்கணக்கானோரை மழைக்காலத்துக்குள் கூரையின் கீழ்க் கொண்டுவர வேண்டியிருந்தபோது தகரமே கைக்கெட்டியது என்ற விளக்கத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. ஆயினும் அந்த விளக்கமே ஒரு கேள்வியை எழுப்புகிறது. பேரிடர் வருமுன்னரே, தீவின் தட்பவெப்பமும் குடும்ப அமைப்பும் அறிந்து, விரைவில் எழுப்பக்கூடிய ஒரு தங்குமிடத்தை எந்தக் கல்வி நிறுவனமாவது சிந்தித்து வைத்திருந்ததா? நில அதிர்வு வரைபடத்தில் தீவுகள் மிக ஆபத்தான மண்டலத்தில் உள்ளன என்பது முன்னரே தெரிந்த செய்தி. தெரிந்த ஆபத்துக்கு முன்கூட்டியே மாதிரி செய்து சோதித்து வைப்பது வடிவமைப்புத் துறையின் பணிதான்.

நிக்கோபாரியர்களின் ‘ஹோடி’ என்னும் பக்கமிதவைப் படகும் இங்கே கவனிக்கத்தக்கது. ஒரே மரத்தைக் குடைந்த உடலும் ஒருபுறம் நீளும் மிதவையும் அதன் அடிப்படை. மிதவை படகின் அகலத்தைக் கூட்டாமலே நிலைப்பைத் தருகிறது. கட்டி இணைத்த மூட்டுகள் அலையோடு சற்று வளைந்துகொடுக்கின்றன. ஒரு கட்டு தளர்ந்தால் அதை மட்டும் மாற்றினால் போதும். தெரெசா தீவின் மண்ணைக் கொண்டுவந்து சௌரா தீவின் பெண்கள் மண்பாண்டம் வனைந்த மரபும் உண்டு. மூலப்பொருள் ஒரு தீவிலும் கைத்திறன் மற்றொரு தீவிலும் இருந்த இந்தப் பரிமாற்றம், இன்று வடிவமைப்பு மாணவர்கள் ‘வழங்கல் தொடர்’ என்ற பெயரில் படிப்பதன் பழைய வடிவம். ஈம்ஸ் தம்பதியர் சொம்பிடம் கேட்ட கேள்விகள் அனைத்தையும் ஹோடியிடமும் கேட்கலாம்.

ஆனால் இதில் ஓர் எச்சரிக்கை வேண்டும். 1956ஆம் ஆண்டின் பழங்குடியினர் பாதுகாப்பு ஒழுங்குமுறை, பழங்குடிப் பகுதிகளுக்குள் வெளியார் நுழைவதைக் கட்டுப்படுத்துகிறது. அதற்கு வலுவான காரணங்கள் உண்டு. பத்து நாள் களப்பயணம் சென்று, படம் எடுத்து, அதன் வளைவுகளை ஒரு மேசைவிளக்காக மாற்றிக் கண்காட்சியில் வைப்பது ஆய்வாகாது. ஹோடிக்கும் நிக்கோபார்ப் பாய்க்கும் அண்மையில் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. குறியீடு பெயரைக் காக்கும். அறிவு யாருடையது, பயன் யாருக்குச் சேர வேண்டும் என்பவற்றைக் கல்வி நிறுவனங்களின் ஒழுக்கநெறிதான் காக்க வேண்டும். அந்தச் சமூகங்களின் இளைஞர்களே வடிவமைப்பாளர்களாகப் பயிலும் வழி திறந்தால் இச்சிக்கலின் பெரும்பகுதி தீரும்.

தீவுகளில் இக்கல்வியைத் தொடங்குவதற்கு எதிராக இரண்டு வாதங்கள் வழக்கமாக வைக்கப்படுகின்றன. முதலாவது, 3.8 இலட்சம் பேர் ஒரு சந்தையாகார். அவர்களுக்கெனத் தனியே பொருள் செய்வது கட்டுப்படியாகாது. தீவுகளை மட்டும் எண்ணினால் இது சரி. ஆனால் உப்புக்காற்று தீவுகளோடு நிற்பதில்லை. தமிழகத்தின் கடற்கரை மட்டும் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் நீள்கிறது. கன்னியாகுமரி மீனவரின் படகு இயந்திரத்தையும் இராமேசுவரத்துக் கடைக்காரரின் குளிர்பெட்டியையும் அரிப்பது அதே குளோரைடுதான். தீவில் நிலைத்து நிற்கும் பொருள் கடற்கரை முழுவதும் நிற்கும். ஆகவே தீவைத் தனிச் சந்தையாகக் காண்பதைவிட, கடினமான சோதனைக்களமாகக் காண்பதே பொருந்தும்.

இரண்டாவது வாதம், அங்கே படித்தவர்கள் எப்படியும் வெளியேறிவிடுவார்கள் என்பது. இப்போதும் அவர்கள் வெளியேறித்தான் படிக்கிறார்கள். வேறுபாடு என்னவென்றால், இப்போது அவர்கள் தம் ஊரின் சிக்கலை ஒருமுறைகூடப் பாடமாகக் கேட்காமல் பட்டம் பெறுகிறார்கள். பெருநகரப் பட்டறைகளில் தரப்படும் பணிகள் பெரும்பாலும் பெருநகர வாழ்க்கையைச் சார்ந்தவை. அவற்றில் தேர்ச்சி பெற்றவர் ஊர் திரும்பாதது அவருடைய குறையன்று.

செய்யத்தக்கது பெரிய கட்டடங்கள் எழுப்புவதன்று. போர்ட் பிளேரில் டாக்டர் பி.ஆர். அம்பேத்கர் தொழில்நுட்ப நிறுவனம் பட்டயப் படிப்புகளையும் பொறியியல் பட்டப் படிப்புகளையும் நடத்துகிறது. புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தின் அங்குள்ள வளாகத்தில் கடல்சார் ஆய்வும் பேரிடர் மேலாண்மையும் கற்பிக்கப்படுகின்றன. பொறியியல் பட்டறை, கடலறிவு, பேரிடர் அறிவு ஆகிய மூன்றும் ஒரே ஊரில் உள்ளன. அவற்றை இணைத்து, 2020 தேசியக் கல்விக் கொள்கை இடமளிக்கும் துணைப்பாட முறையில், பொருள் வடிவமைப்பைத் தொடங்க இயலும். 2020 ஆகஸ்டில் தொடங்கிவைக்கப்பட்ட ஏறத்தாழ 2,300 கி.மீ. நீளக் கடலடிக் கண்ணாடியிழை வடம் சென்னையையும் தீவுகளையும் இணைக்கிறது. மும்பையிலோ சென்னையிலோ இருக்கும் ஆசிரியர் தீவு மாணவரின் மாதிரியைப் பார்த்துத் திருத்தம் சொல்வதற்கு இனித் தொலைவு தடையில்லை. எதிர்த்திசையில், பெருநில நிறுவனங்களின் முதுகலை மாணவர்கள் ஒரு பருவம் முழுவதும் தீவில் தங்கிப் பழுதுபார்ப்பவர்களோடு பணியாற்றுவதைப் பாடத்தின் பகுதியாக்கலாம்.

அதனினும் முதன்மையானது மதிப்பீட்டு முறை. இன்று ஒரு மாணவரின் இறுதித் திட்டம் பெரும்பாலும் கணினியில் தீட்டிய படத்தாலும் பளபளக்கும் மாதிரியாலும் மதிப்பிடப்படுகிறது. முதல் பருவத்தில் செய்த மாதிரியைக் கடற்கரையில் ஓராண்டு வெயிலிலும் மழையிலும் வைத்து, அது அழிந்த விதத்தை மாணவரே விளக்கி எழுத வேண்டும் என்று விதித்தால் என்ன? ஓர் உள்ளூர்ப் பழுதுபார்ப்பவர் அதைக் கழற்றிப் பூட்ட எவ்வளவு நேரம் எடுத்தது, எந்தப் பாகம் தீவில் கிடைக்கவில்லை என்பவற்றுக்கும் மதிப்பெண் உண்டு என்றால் என்ன? இதற்குச் செலவு மிகக் குறைவு. தேவைப்படுவது பாடத்திட்டக் குழுவின் ஒரு தீர்மானம்.

1979 ஜனவரியில் அகமதாபாத்தில் கூடிய பன்னாட்டு மாநாடு, தொழில் வடிவமைப்பு வளர்ச்சிக்குத் துணைநிற்க வேண்டும் என்று பிரகடனம் செய்தது. அதற்கு முன்னரே, 1975இல், ரவி மத்தாய் இராஜஸ்தானின் ஜவாஜாவில் தொடங்கிய திட்டத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் நெசவாளரோடும் தோல் தொழிலாளரோடும் இணைந்து பணியாற்றியது. வறண்ட நிலத்தின் ஊர்களைத் தேடிச் சென்ற முன்னோடி மரபு இத்துறைக்கு உண்டு. அந்த மரபு கடலைக் கடப்பதற்கு அறிவுத் தடை எதுவும் இல்லை. அடுத்த பேரிடரில் பெருநிலத்திலிருந்து மறுபடியும் தகரம் கப்பலேறுமா, தீவிலேயே சோதித்து வைத்த ஒரு வடிவம் காத்திருக்குமா என்பது, இன்று பாடத்திட்டங்களை எழுதுவோர் கையில் உள்ளது.