இரு பெயர், ஓர் இணைப்பு

ஔவையார் என்னும் ஒரே பெயரில் வெவ்வேறு காலத்துப் புலவர் பலர் இருந்தனர் என்பதை இலக்கிய மாணவர் முதலாண்டிலேயே கற்றுவிடுகிறார். இதற்கு நேர்மாறான மயக்கம் கணினியில் உண்டு: பெயர் இரண்டு, ஆள் ஒருவர். லாராவெல் என்னும் வலைச் சட்டகத்தில் இரண்டு தரவுத்தளங்களைக் கையாளப் புகுந்தபோது நாம் இதனைப் பட்டறிந்தோம்.

துறை நூலகத்துக்கெனச் சிறிய இரவல் செயலி ஒன்றை எழுதினோம். நூற்பட்டியல் ஒரு தரவுத்தளத்தில், மாணவர் கணக்கு மற்றொன்றில், இரண்டும் மைஎஸ்க்யூஎல். முதல் நாளே, மாணவர் அட்டவணை இல்லை என்று பிழைச்செய்தி வந்தது. அட்டவணையோ கண்ணெதிரே இருந்தது. கடவுச்சொல்லை மாற்றினோம், உரிமைகளைக் கூட்டினோம். இரண்டு மாலைப்பொழுதுகள் கழிந்தன. 1146 என்னும் எண்ணுடைய அச்செய்தி, அட்டவணையின் பெயருக்கு முன்னால் புள்ளியிட்டுத் தரவுத்தளத்தின் பெயரையும் சொல்லும். அங்கே நூலகத் தரவுத்தளத்தின் பெயர் நின்றது! பாடபேதம் ஆராய்பவர் கையிலிருப்பது எந்தச் சுவடி என்றுதான் முதலில் பார்ப்பார். நாம் அதைப் பாராமலே பாடத்தைத் திருத்திக்கொண்டிருந்தோம்.

காரணம் எளிது. அமைவுக் கோப்பில் முதல் இணைப்பின் பகுதியை நகலெடுத்து, மேலே வேறு பெயர் சூட்டியிருந்தோம். உள்ளே இருந்த சூழல் மாறிகளின் பெயர்களை மாற்றவில்லை. ஆகவே இரண்டு இணைப்புகளும் ஒரே தரவுத்தளத்தையே நாடின. திருத்திய பின்னும் பயனில்லை. அமைவு முன்னரே தேக்கி வைக்கப்பட்டிருந்தால் லாராவெல் சூழல் கோப்பைப் படிப்பதே இல்லை. தேக்கத்தை அழித்த பிறகே வழிக்கு வந்தது.

இவ்வகைப் பிழையை நாம் குறை கூறோம். கூவிச் சொல்லும் பிழை நல்ல பிழை. நமது மனத்தாங்கல் வாய் திறவாத பிழையின் மீதுதான்.

நூல் இரவல் தருகையில் மாணவர் கணக்கில் கடனும் நூற்பட்டியலில் குறிப்பும் ஒருசேர எழுதப்பட வேண்டும். இரண்டையும் ஒரு பரிவர்த்தனைக்குள் வைத்து, ஒன்று தவறினால் இரண்டும் மீளும் என நம்பினோம். ஆனால் இணைப்பின் பெயரைக் குறிப்பிடாமல் தொடங்கும் பரிவர்த்தனை இயல்பிருப்பு இணைப்பை மட்டுமே காக்கும். ஒரு நாள் நூற்பட்டியலில் எழுதுவது தவறியது. மாணவி ஒருவரின் கணக்கில் ஏறிய கடனோ அப்படியே நின்றது. திரையில் பிழை கண்ட நூலகர், எதுவும் பதிவாகவில்லை என்று கருதி அவரை மறுநாள் வரச் சொன்னார். அவர் வரவில்லை. படிப்பு முடிந்து நிலுவையின்மைச் சான்று கேட்டு நின்ற அன்று, வாங்காத நூலுக்குக் கடனாளியானார். நூல் அலமாரியிலேயே இருந்தது. 'கணினி சொல்கிறதே' என்றார்கள். மாற்றுச் சான்றிதழ் கைக்கு வர ஒரு வாரமாயிற்று. அந்தக் கணினியைச் சொல்ல வைத்தவர்கள் நாம்.

ஒரே தரவுத்தளம் உள்ளவரை இயல்பிருப்பு என்பது வசதி. இரண்டாவது வந்தபின் அது வெறும் ஊகம். ஆகவே இரண்டு சேவையகங்களோடு பேச வேண்டியவர்கள், அமைவில் இல்லாத ஒரு பெயரை இயல்பிருப்பாகக் கொடுத்துவிடுவதே நல்லது என்போம். பெயர் சொல்லாத வினவல் ஒவ்வொன்றும் உடனே முறிந்து தன்னைக் காட்டிக்கொடுக்கும். அமர்வு, தேக்ககம், பணி வரிசை ஆகியனவும் முறியும் (2024இல் வந்த லாராவெல் 11 முதல், புதிய செயலிகளில் இவை தரவுத்தளத்திலேயே அமைகின்றன). அவற்றுக்கும் இணைப்பின் பெயரைத் தனியே எழுத வேண்டும். தொல்லைதான், மறுக்கவில்லை.

பெயர் சொன்னாலும் முழுக் காப்பு இல்லை. இரு பரிவர்த்தனைகளை ஒன்றனுள் ஒன்றாக வைத்தால், முதலாவது உறுதியாகி மற்றது உறுதியாகுமுன் ஒரு நொடி இடைவெளி எஞ்சும். நமது தரவுத்தளங்களோ ஒரே சேவையகத்தில், இன்னோடிபி அட்டவணைகளாகவே இருந்தன. அட்டவணைக்கு முன் தரவுத்தளத்தின் பெயரை இட்டு எழுதியிருந்தால், ஓர் இணைப்பின் ஒரே பரிவர்த்தனை இரண்டையும் காத்திருக்கும். இரண்டாவது இணைப்பே நமக்கு வேண்டியிருக்கவில்லை.