லாரிக்குப் பிறந்த தக்காளியும் மொட்டை மாடி பக்கெட்டும்

2023 ஜூலை மாதம் ஞாபகம் இருக்கிறதா? தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டி ஓடிய மாதம். சென்னையில் ரேஷன் கடையில் வைத்து கிலோ 60 ரூபாய்க்கு அரசாங்கமே தக்காளி விற்க வேண்டியதாயிற்று. 2021 நவம்பரிலும் இதே கூத்துதான். இந்த மாதிரி மாதங்களில் ஊரில் எல்லோருக்கும் திடீரென்று விவசாயி ஆசை வரும். மொட்டை மாடி, காலியான பெயிண்ட் பக்கெட், கடைத்தெருவில் ஒரு விதைப் பாக்கெட். கள்ளக்குறிச்சி, சின்னசேலம், சங்கராபுரம், எங்கே போனாலும் இதே சீன்!

மூன்று மாதம் கழித்து அதே மாடிக்குப் போய்ப் பாருங்கள். செடி ஆளுயரம் வளர்ந்து, கட்டின குச்சி சாய்ந்து, துணி காயப்போடுகிற கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருக்கும். காய்? நாலோ அஞ்சோ. "எங்க கைக்கு ராசி இல்லைங்க" என்று அந்த வீட்டு அக்கா சொல்லுவார். பக்கெட் பாத்ரூமுக்குத் திரும்பிவிடும்.

ராசியாவது கத்தரிக்காயாவது. அந்த விதை யாருக்காக உருவாக்கப்பட்டது என்று யாரும் கேட்கவில்லை, அதுதான் பிரச்சினை. நாலு அடி இடைவெளியில் கம்பு நட்டு, கம்பி இழுத்து, ஏக்கர் கணக்கில் பயிர் செய்கிறவருக்காக உருவான வீரிய ஒட்டு ரகம் அது. கடைக்காரர் அதையே பத்து கிராமில் இருந்து பிரித்து, ஒரு அழகான படம் ஒட்டின கவரில் போட்டு "மாடித் தோட்டத்துக்கு" என்று விற்றால் செடிக்கு என்ன தெரியும்? அது தன் வேலையைப் பார்க்கிறது, வளர்கிறது.

ஆராய்ச்சி செய்கிறவர்கள் பக்கமும் இதே கதைதான். ஒரு புது தக்காளி ரகம் வெளிவந்தால் குறிப்பில் முதலில் நிற்பது ஹெக்டேருக்கு எத்தனை டன். பெரியகுளத்தில் உருவான பி.கே.எம். 1, அண்ணஞ்சி என்ற உள்ளூர் தக்காளியில் இருந்து திடீர் மாற்றம் மூலம் எடுத்தது. 135 நாளில் ஹெக்டேருக்கு 30 முதல் 35 டன். கூடவே ஒரு பெருமை: நீண்ட தூரம் லாரியில் கொண்டு போக ஏற்றது. கோ 3, அதாவது மருதம், கோ 1 ரகத்தில் இருந்து அதே முறையில் வந்தது. செடி கச்சிதம், நெருக்கி நடலாம், 100 - 105 நாளில் 40 டன். இரண்டுமே நல்ல ரகங்கள், விவசாயிக்குச் சோறு போட்டவை, அதில் சண்டை இல்லை. ஆனால் ஒரு பக்கெட்டில் எத்தனை கிலோ, எத்தனை வாரத்துக்குக் காய்க்கும் என்ற கேள்விக்கு ஏக்கர் கணக்கில் பதில் கிடைக்காது.

சும்மா வகுத்துப் பார்க்கலாம் (காமர்ஸ் படிக்கிறவர்களுக்குக் கை அரிக்கும் இடம் இது). ஹெக்டேருக்கு 40 டன் என்றால் சதுர மீட்டருக்கு 4 கிலோ. பி.கே.எம். 1 அதிகபட்சம் மூன்றரை கிலோ. நாளையும் சேர்த்தால் வித்தியாசம் இன்னும் பெரிது, ஒன்று 100 நாளில் முடிக்கிறது, இன்னொன்று 135. ஆக இடம் குறைவாக இருக்கிறவனுக்கு கச்சிதமான செடிதான் லாபம், இது அவர்களுடைய எண்ணிலேயே இருக்கிறது. பி.கே.எம். 1ஐ 60க்கு 45 செ.மீ. இடைவெளியில் நட்டால் ஹெக்டேருக்குச் சுமார் 37,000 செடி. 35 டன்னை அதால் வகுத்தால் செடிக்கு ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் கம்மி. வயல் மண்ணில், முழு வேரோடு, இவ்வளவுதான் வருகிறது. மாடியில் ஒரு செடிக்கு அஞ்சு கிலோ காய்க்கும் என்று யாராவது அடித்து விட்டால், அவரிடம் கால்குலேட்டரை நீட்டுங்கள் :-)

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்க்காமல் மேலே போக முடியாது. "குட்டைத் தக்காளி" என்ற ஒரே பெயரில் இரண்டு வேறு வேறு சரக்கு விற்பனையாகிறது.

முதல் வகை, வளர்ச்சி தானாக நின்றுபோகும் செடி. 1914ல் அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் ஒரு வயலில் தானாக முளைத்த திடீர் மாற்றம். கொஞ்ச தூரம் வளர்ந்ததும் தண்டின் நுனியே பூங்கொத்தாக முடிந்துவிடும். எல்லாக் காயும் சில வாரத்துக்குள் ஒன்றாகப் பழுக்கும். பறிக்கிற கூலி மிச்சம், குச்சிச் செலவு மிச்சம், வியாபாரிக்கு ஒரே லோடு. பி.கே.எம். 1, கோ 3 எல்லாம் இந்த ஜாதிதான். வீட்டில் என்ன ஆகும்? ஒரே வாரத்தில் இரண்டு கிலோ பழுத்து அக்கம்பக்கத்து வீட்டுக்கெல்லாம் தூக்கிக் கொடுத்துவிட்டு, அடுத்த மாதம் ரசத்துக்குக் கடைக்குப் போக வேண்டும்.

இரண்டாவது வகைதான் நிஜக் குட்டை. கணுக்கள் நெருங்கி, தண்டு தடித்து, இலை கரும்பச்சையாகச் சுருங்கிச் சுருங்கி இருக்கும். இது வளர்வதை நிறுத்தாது, மெதுவாக வளரும், அவ்வளவுதான். ஆறேழு அடி போகிற செடி எடுக்கிற காலத்தில் இது மூன்று நாலு அடியோடு நிற்கும். காய் கொஞ்சம் கொஞ்சமாக, ஆனால் ரொம்ப நாளைக்கு வரும். தினம் இரண்டு தக்காளி வேண்டிய வீட்டுக்கு வேறென்ன வேண்டும்? இலை அடர்த்தி என்பதால் காற்றோட்டம் இல்லாவிட்டால் இலைப்புள்ளி சீக்கிரம் வரும், அடி இலைகளைக் கிள்ளிவிட வேண்டும். இந்தக் குறையையும் சொல்லிவிடுவதுதான் நியாயம்.

நடுவில் ஒரு ஃபேஷன் சரக்கும் உண்டு. மைக்ரோ டாம். 1989ல் ஃப்ளோரிடா பல்கலைக்கழகம் வெளியிட்டது, அரை அடி உயரம், ஜன்னலில் அழகுக்கு வைக்க. மேலே சொன்ன இரண்டு மாற்றமும் அதில் சேர்ந்தே இருக்கிறது. இப்போது உலகம் முழுக்க ஆய்வுக்கூடத்துச் செல்லப்பிள்ளை. பழம் கோலிக்குண்டு சைஸ். ஒரு வேளை ரசத்துக்குச் செடியையே மொட்டை அடிக்க வேண்டும். இதைப் பாக்கெட்டுக்குப் பத்து விதை என்று ஆன்லைனில் விலை வைத்து விற்பதும், வாங்குவதும்... சரி, அவரவர் காசு.

நிஜக் குட்டையில் நல்ல சுவை, நல்ல சைஸ் பழம் கிடையாதா? ரொம்ப வருஷம் அந்தக் குறை இருந்தது. அதைத் தீர்த்தவர்கள் கம்பெனியும் இல்லை, பல்கலைக்கழகமும் இல்லை. அமெரிக்காவில் கிரெய்க் லெஹூலியே, ஆஸ்திரேலியாவில் பட்ரீனா நஸ்கே ஸ்மால், இரண்டு பேரும் வீட்டுத் தோட்டக்காரர்கள். 2005 வாக்கில் இண்டர்நெட்டில் பேசி ஆரம்பித்தார்கள். ருசியான பழைய உயர ரகத்தையும் குட்டை ரகத்தையும் ஒட்டுச் சேர்ப்பது, தன்னார்வலர்களுக்கு விதையைப் பிரித்துக் கொடுப்பது, பிடித்ததைத் தேர்வு செய்வது. அங்கே கோடை என்றால் இங்கே குளிர்காலம், ஆகவே வருஷத்துக்கு இரண்டு தலைமுறை எடுக்க முடிந்தது. 2010ல் முதல் ரகங்கள் வெளிவந்தன. அப்புறம் நூறைத் தாண்டிவிட்டது. யாருக்கும் சம்பளம் இல்லை.

இதில் மந்திரம் ஒன்றும் இல்லை. பூ விரியும் முன்பே மகரந்தப் பையை இடுக்கியால் எடுத்துவிட்டு, இன்னொரு செடியின் மகரந்தத்தைத் தடவ வேண்டும். குட்டைக் குணம் ஒடுங்கு குணம். முதல் தலைமுறை முழுக்க உயரமாகத்தான் வரும், பயப்பட வேண்டாம். அடுத்த தலைமுறையில் நாலில் ஒன்று குட்டை. பிளஸ் டூ பயாலஜியில் படித்த மெண்டல் பட்டாணி அப்படியே. அந்தக் குட்டையை நாற்றாக இருக்கும்போதே அடையாளம் கண்டுவிடலாம், மற்றதைப் பிடுங்கிப் போட்டுவிட்டால் இடமும் மிச்சம். குணம் நிலைக்க ஏழெட்டுத் தலைமுறை தேர்வு செய்ய வேண்டும்.

கள்ளக்குறிச்சிக்காரர்கள் கவனிக்க வேண்டிய இடம் இதுதான். சமவெளியில் ஜூன் - ஜூலையில் ஒரு விதைப்பு, நவம்பர் - டிசம்பரில் ஒரு விதைப்பு. சித்திரை வைகாசியில் முடியாது. பகலில் 35 டிகிரியும் இரவில் 24 டிகிரியும் தாண்டினால் மகரந்தம் கெட்டுப் பூ உதிர்ந்துவிடும். ஆனால் கச்சிராயபாளையம் தாண்டி பஸ் மேலே ஏறினால் கல்வராயன் மலை. இரண்டாயிரம், மூவாயிரம் அடி உயரம். ஆயிரம் மீட்டருக்கு ஆறேழு டிகிரி குறையும் என்ற கணக்கில் வெள்ளிமலையும் கரியாலூரும் கீழே இருக்கிறவர்களைவிடச் சில டிகிரியாவது குளிர்ச்சி. கீழே இரண்டு தலைமுறை, கோடையில் மேலே ஒன்று, ஆக வருஷத்துக்கு மூன்று. எட்டுத் தலைமுறை மூன்று வருஷத்துக்குள் முடிந்துவிடும். அவர்களுக்கு இரண்டு அரைக்கோளம் தேவைப்பட்டது. இந்த ஜில்லாவுக்கு ஒரு மலை ரோடு போதும்! 2019ல் தனி மாவட்டம் ஆனதில் இருந்து "மாவட்டத்துக்கு என்ன வந்தது" என்று கேட்கிறவர்கள், மாவட்டத்தில் ஏற்கெனவே என்ன இருக்கிறது என்றும் ஒருமுறை பார்க்கலாம்.

ஒரு எச்சரிக்கை. மலையில் உள்ளவர்கள் ஓசியில் நாற்று வளர்த்துக் கொடுப்பார்கள், கீழே இருக்கிறவர்கள் பெயர் வாங்குவார்கள் என்று யாரும் கணக்குப் போடக் கூடாது. கல்வராயனில் ஜாகீர்தார்களுக்குக் கூலி இல்லாமல் உழைத்த கொடுமை 1970களில்தான் முடிவுக்கு வந்தது. மலைப் பள்ளிக்கூடத்துத் தோட்டத்தில் பாத்தி போட்டால் விதையும் அவர்களுடையது, ரகத்துக்குப் பெயர் வைக்கும் உரிமையும் அவர்களுடையது, வேலைக்குக் கூலியும் உண்டு. இல்லையென்றால் இந்த யோசனையே வேண்டாம்.

"நாலு பக்கெட் தக்காளியால் விலைவாசி இறங்கிவிடுமா?" என்று ஒரு கோஷ்டி கேட்கும். இறங்காது. கிலோ பத்து ரூபாய் விற்கிற மாதத்தில் மாடித் தோட்டம் சுத்த நஷ்டம், அதையும் ஒத்துக்கொள்ளலாம். 2021ல் முதலமைச்சரின் ஊட்டம் தரும் காய்கறித் தோட்டத் திட்டத்தில் 900 ரூபாய் மாடித்தோட்டத் தளையை மானியம் போக 225 ரூபாய்க்குக் கொடுத்தார்கள். ஆறு பை, தென்னை நார்க்கழிவு, விதை, வேப்ப மருந்து எல்லாம் சேர்த்து. பைக்கு 37 ரூபாய் 50 காசு. மானியம் இல்லாவிட்டால் 150. செடிக்கு முக்கால் கிலோ என்று வைத்தால், மானிய விலையில் கிலோ 50 ரூபாய் விழுகிறது. முதல் போகத்திலேயே லாபம் என்று சொல்வது பொய். அதே பையில் மூன்று போகம் எடுத்து, விதையையும் சொந்தமாக வைத்துக்கொண்டால் தேறும். வீரிய ஒட்டு விதையில் அந்த வழி அடைபட்டிருக்கிறது, சேர்த்து வைத்து விதைத்தால் தாய்ச்செடி மாதிரி வராது. சாதா ரகத்தில் பழச் சதையோடு இரண்டு நாள் ஊறவைத்து, கழுவி, நிழலில் காயவைத்தால் நாலு வருஷத்துக்கு முளைக்கும். தக்காளி தன் மகரந்தத்தாலேயே காய்ப்பதால் ரகமும் பெரும்பாலும் கெடாது.

அதுவரைக்கும்? கோ 3 அல்லது பி.கே.எம். 1, பதினைந்து லிட்டருக்குக் குறையாத பக்கெட், அடியில் ஓட்டை. நாலு செடியையும் ஒரே நாளில் நடாமல் மூன்று வாரத்துக்கு ஒன்றாக நட்டால் காய் பிரிந்து வரும். ஒரு நாள் தண்ணீர் இல்லாமல் வாடவிட்டு மறுநாள் குளம் கட்டினால் பழத்தின் அடி கறுத்துப்போகும். நோய் வந்த செடியைப் பார்த்துப் பரிதாபப்பட வேண்டாம். வெள்ளை ஈ பரப்புகிற இலைச்சுருள் வந்துவிட்டால் பிடுங்கி எறிவதுதான் மற்ற செடிக்குச் செய்யும் உபகாரம்.

கடைசியாக அந்தப் பாக்கெட். 1966 விதைச் சட்டப்படி லேபிளில் ரகம், முளைப்புத்திறன், புறத்தூய்மை, பரிசோதித்த தேதி எல்லாம் இருக்க வேண்டும். தக்காளிக்குக் குறைந்தது 70 சதவீத முளைப்பு. நூறு விதையில் எத்தனை முளைக்கும் என்று சொல்கிறவர்கள், முளைத்தது எவ்வளவு உயரம் போகும் என்று சொல்ல வேண்டியதில்லையாம்! அஞ்சு ரூபாய் பிஸ்கட் பாக்கெட்டில் எவ்வளவு சர்க்கரை என்று அச்சடிக்க முடிகிறது. விதைப் பாக்கெட்டில் இரண்டே வரி போதும்: செடியின் உயரம், நின்றுபோகும் ரகமா ஓடும் ரகமா. அடுத்த முறை விதை வாங்கும்போது கடைக்காரரிடம் இதைக் கேளுங்கள். அவருக்குத் தெரிந்திருக்காது. பத்து பேர் கேட்டால் அவர் கம்பெனி ஏஜெண்டைக் கேட்பார்.