மாத்திரையா, சத்திரசிகிச்சையா?



இம்மாதம் லிந்துலையிலிருந்து ஒரு சகோதரி நான்கு பக்கங்களுக்கு எழுதியிருக்கிறார். கணவர் பஸாரில் கடை வைத்திருப்பவர். ஒரு வருடமாகத் தலைவலி. கடைக்குள் நடந்தால் பக்கத்து அலுமாரியில் தோள் இடிபடுகிறது. மூக்குக் கண்ணாடி மாற்றியும் பயனில்லை. கண்டியில் எடுத்த எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் கபச்சுரப்பியில் இரண்டரை சென்றிமீற்றர் கட்டி இருப்பது தெரிந்ததாம். "சத்திரசிகிச்சை செய்ய வேண்டிவரலாம் என்கிறார்கள். மாமியோ ஹட்டனில் ஒருவருக்கு மாத்திரையிலேயே கட்டி கரைந்தது என்கிறார். நாநா இந்தியாவுக்குக் கொண்டுபோகச் சொல்கிறார். நான் யார் பேச்சைக் கேட்பது?" என்று கேட்கிறார்.

மூவர் சொல்வதும் பொய்யல்ல, சகோதரி. ஆனால் கபச்சுரப்பிக் கட்டி என்பது ஒரே நோயல்ல.

மூக்குக்குப் பின்னால், மூளையின் அடியில் பட்டாணிக் கடலை அளவில் இருப்பது இந்தச் சுரப்பி. இதில் வரும் கட்டி புற்றுநோயாக இருப்பது மிகமிக அரிது. முதலில் அந்தப் பயத்தை விடுங்கள். ஆனால் இதற்குச் சற்று மேலேதான் இரு கண்களின் நரம்புகளும் சந்திக்கின்றன. கட்டி மேல்நோக்கி வளர்ந்து அவற்றை அழுத்தினால் இரு பக்கத்து ஓரப் பார்வையும் மங்கும். அலுமாரி இடிபடுவது அதனாலாக இருக்கலாம். எனவே கண் வைத்தியரிடம் பார்வைப் புலப் பரிசோதனை இந்த வாரமே நடக்கட்டும். நீண்ட நாள் அழுத்தப்பட்ட நரம்பு பிறகு முழுதாகத் திரும்பாமலும் போகலாம்.

மாத்திரையா, சத்திரசிகிச்சையா என்பதைப் பெரும்பாலும் ஓர் இரத்தப் பரிசோதனைதான் தீர்மானிக்கிறது. அதன் பெயர் புரோலக்டின். உங்கள் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை! அது மிக உயர்ந்திருந்தால், கட்டி பெரிதானாலும், கண்ணை அழுத்தினாலும்கூட, கேபர்கோலின் அல்லது புரோமோகிரிப்டின் மாத்திரைதான் பொதுவாக முதல் சிகிச்சை. கேபர்கோலின் வழக்கமாக வாரத்தில் இரண்டு தடவை. ஹட்டன்காரருக்கு இதுவே நடந்திருக்கும். கட்டி மிகப் பெரிதாக இருந்தால் இந்த எண் பொய்யாகக் குறைத்துக் காட்டுவதுண்டு; இரத்தத்தை ஐதாக்கி மறுபடி பார்த்தார்களா என்று கேளுங்கள்.

இந்த ஹோர்மோன் கூடிய ஆணுக்குத் தாம்பத்திய விருப்பம் குறையும், பிள்ளைப்பேறும் தடைப்படலாம். மனைவிக்குத்தான் முதலில் தெரியும். வெட்கப்பட்டு வைத்தியரிடம் மறைக்காதீர்கள். இன்னொன்று: இம்மாத்திரை சிலருக்குச் சூதாட்டத்திலும் கண்மண் தெரியாத செலவிலும் ஆசையைக் கிளப்பிவிடும். கடைக்காசில் ஒரு கண் இருக்கட்டும்.

புரோலக்டின் கட்டி இல்லையென்றால், கண் பாதிக்கப்பட்ட நிலையில் சத்திரசிகிச்சையைத் தள்ளிப்போடக்கூடாது. மண்டையைத் திறப்பதில்லை, மூக்கு வழியாகவே பெரும்பாலும் செய்கிறார்கள். கதிர்வீச்சு பொதுவாக எஞ்சிய கட்டிக்கு; அதன் பலன் மெதுவாகத்தான் வரும். வளர்ச்சி ஹோர்மோன் கூடி 251 சென்றிமீற்றர் உயர்ந்த துருக்கியின் சுல்தான் கோசெனுக்கு 2010இல் அமெரிக்காவில் காமாக் கதிர் சிகிச்சை நடந்தது. வளர்ச்சி நின்றதென்று 2012இல்தான் அறிவித்தார்கள். பார்வை போய்க்கொண்டிருப்பவருக்கு அத்தனை அவகாசம் ஏது?

இந்தியாப் பயணம் பற்றி: வேலூரில் 1949இலிருந்தே நரம்பியல் சத்திரசிகிச்சை நடக்கிறது, நல்ல இடம்தான். ஆனால் கண்டியிலும் கொழும்பிலும் அரசாங்க வைத்தியசாலைகளில் கட்டணமின்றிச் செய்கிறார்கள். இந்நோய்க்கு ஆயுள் முழுதும் கிளினிக் போக வேண்டும். ஒவ்வொரு தடவையும் கடல் கடக்க முடியுமா? இரண்டாவது அபிப்பிராயம் வேண்டுமானால் முதலில் ஸ்கேன் சீடியை அனுப்புங்கள். கண்டி வைத்தியரிடம் "வருடத்துக்கு இப்படி எத்தனை பேருக்குச் செய்கிறீர்கள்?" என்று தயங்காமல் கேளுங்கள். அது மரியாதைக் குறைவல்ல.

சத்திரசிகிச்சையானால், முடிந்தவரை முதல் இரண்டு வாரம் கண்டியிலேயே உறவினர் வீட்டில் தங்குங்கள். ஒரு வாரமளவில் இரத்தத்தில் உப்பு குறைந்து வாந்தி, மயக்கம், தடுமாற்றம் வரலாம். மூக்கிலிருந்து தெளிந்த நீர் சொட்டினாலும், அடங்காத தாகமும் சிறுநீரும் இருந்தாலும் உடனே வைத்தியசாலைக்கு. நள்ளிரவு மழையில் லிந்துலையிலிருந்து மலைப்பாதையில் இறங்குவதை எண்ணிப் பாருங்கள். மூக்கைச் சீறக்கூடாது. ஒழுவில் மூக்கில் நீர் செலுத்துவது ஷாஃபிஈ மத்ஹபில் சுன்னத்துதான்; வைத்தியர் அனுமதிக்கும்வரை அதை விட்டாலும் ஒழு கூடும். குனியக்கூடாத நாட்களில் சைகையால் தொழலாம்.

ஹைட்ரோகோர்ட்டிசோன் கொடுத்தால் ஒரு நாளும் தாமாக நிறுத்தக்கூடாது. காய்ச்சல் வந்தால் அளவைக் கூட்ட வேண்டும். எவ்வளவு என்பதை இப்போதே எழுதி வாங்குங்கள். வாந்தியால் மாத்திரை தங்காவிட்டால் ஊசி அவசியம். இவர் ரமழானில் வைத்தியரைக் கேளாமல் நோன்பு பிடிப்பது ஆபத்து. நோயாளிக்கு மார்க்கத்திலேயே சலுகை இருக்கிறது. மருந்தின் பெயரை ஒரு துண்டில் எழுதி அவர் சட்டைப்பையில் வையுங்கள்.

அடுத்த கடிதத்தில் அந்தப் புரோலக்டின் எண்ணைக் கிளினிக் கொப்பியில் பார்த்து எழுதுங்கள், சகோதரி. ஆனால் என் பதிலுக்காகக் காத்திருந்து கண் பரிசோதனையைப் பிந்த விடாதீர்கள்.