சான்விச் மேக்கரில் எங்கள் சமையல்

1974 இல் அவுஸ்திரேலியாவில் பிரெவில் நிறுவனம் அறிமுகப்படுத்திய சான்விச் மேக்கர் போன்ற கருவிகள் இன்று நம்மவர் சமையலறைகள் பலவற்றிலும் இடம்பிடித்துள்ளன. பாணும் சீஸும் வைத்து அழுத்துவதற்கு மட்டுமே அவை உரியன என எண்ணுதல் பொருந்தாது. மேலும் கீழும் இரு தகடுகள் ஒருங்கே சூடேறுவதால், புரட்டிச் சுடவேண்டிய பண்டங்களைப் புரட்டாமலே சுடலாம்.

முதல்நாள் உருளைக்கிழங்குப் பிரட்டலையோ சீனிச்சம்பலையோ பாணிடையே வைத்து வாட்டலாம். தோசை மாவைக் குழிகளில் ஊற்றினால் மொறுமொறுப்பான முக்கோணத் தோசை கிடைக்கும். வடைக்கு அரைத்த உழுந்தையும் எண்ணெய் தடவிச் சுடலாம். பொரித்த வடையின் சுவை வராதெனினும் எண்ணெய் மிகக் குறைவு. உள்ளே வைக்கும் கறி மட்டும் நீர் வற்றியிருத்தல் வேண்டும். இல்லையேல் வழிந்து தகட்டிற் கருகும்.

பெற்றோரே! பிள்ளைகள் நம் உணவை விரும்புவதில்லை என வருந்துகிறோம். உண்பதற்கு அழைக்கும் நாம், ஆக்குவதற்கு அவர்களை அழைக்கிறோமா? சுவாலையற்ற இக்கருவியருகே, பத்து வயதுப் பிள்ளையும் நம் மேற்பார்வையில் நின்று சமைக்கலாம். கரைத்தல், தடவுதல், வாட்டுதல் ஆகிய சொற்கள் அங்கே செயலோடு சேர்ந்து மனத்திற் பதியும். வார இறுதி வகுப்பில் நாங்கள் பலகையில் எழுதிக் காட்டும் சொற்களுக்கு அவ்வலிமை இல்லை.

மாணவச் செல்வங்களே! தகட்டில் உலோகக் கரண்டி படாதிருக்கட்டும். துடைக்குமுன் மின்னிணைப்பை நீக்கி ஆறவிடுங்கள். ஒரு பண்டமேனும் செய்து, அதன் செய்முறையைத் தமிழில் எழுதி அடுத்த வகுப்புக்குக் கொண்டுவாருங்கள்.