சாக்கோடு நின்ற எச்சரிக்கை

செஞ்சி, நெல் வரத்துக்குப் பேர்போன ஊர். அரிசியைப் பற்றி அங்கே யாருக்கும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஆனால் ரேஷன் அரிசியில் தண்ணீரில் மிதக்கும் மணிகளைக் கண்டு ‘பிளாஸ்டிக் அரிசி’ என்ற பேச்சு தமிழகமெங்கும் கிளம்பியபோது, நெல் அறிந்தவர்களுக்கும் பதில் தேவைப்பட்டது. அவை அரிசி மாவில் இரும்பு, ஃபோலிக் அமிலம், பி12 சேர்த்துச் செய்த செறிவூட்டிய மணிகள். நூறு கிலோவுக்கு ஒரு கிலோ கலப்பார்கள். கலந்த அரிசியில் கிலோவுக்கு 28 முதல் 42.5 மி.கி. வரை இரும்பு இருக்கலாம்.

உடலில் இரும்பு மிகக்கூடிய மரபு இரத்த நோயான தலசீமியா உள்ளவர்கள் இந்த அரிசியை மருத்துவர் மேற்பார்வையில் உண்ண வேண்டும் என்ற எச்சரிக்கையை உறையில் அச்சிட 2018ஆம் ஆண்டு விதி கட்டாயப்படுத்தியது. வேறெந்த நாட்டிலும் இப்படி இல்லை என்ற காரணமும் சொல்லி 2024இல் அது கைவிடப்பட்டது. விவாதம் சூடாகவே நடந்தது. ஆனால் ரேஷன் அரிசி சில்லறையாக அளந்து பையில் கொட்டப்படுவது. சாக்கின் மேல் அச்சிட்ட வரி கார்டுதாரரின் அடுப்படி வரை எப்போது போனது?

ஆகவே பொறுப்பு புறநோயாளர் பிரிவுக்கே வருகிறது. அங்கே முதல் கேள்வி, நோயாளி இரத்தம் ஏற்றிக்கொள்பவரா என்பதுதான். ஒரு யூனிட் இரத்தத்தோடு 200 முதல் 250 மி.கி. இரும்பு உடலுக்குள் போகிறது. மாதம் இரண்டு யூனிட் ஏற்றுபவரிடம் முருங்கைக்கீரையைத் தள்ளச் சொல்வது வீண். அவருக்கு இரும்பை வெளியேற்றும் மாத்திரைதான் முக்கியம்.

இரத்தம் ஏற்றாத இடைநிலைத் தலசீமியாவின் கதை வேறு. பலனற்ற இரத்த உற்பத்தி எரித்ரோஃபெரோன் என்ற ஹார்மோனைக் கூட்டுகிறது. அது, இரும்பு உறிஞ்சப்படுவதற்குக் காவலாக நிற்கும் ஹெப்சிடினை அடக்குகிறது. காவல் இல்லாத குடல், உடலில் இரும்பு குவிந்த பிறகும் உறிஞ்சிக்கொண்டே இருக்கிறது. தினம் 300 கிராம் அரிசியில் சுமார் 10 மி.கி. இரும்பு என்று வைத்து, அதில் பத்தில் ஒரு பங்கு சேர்ந்தாலே ஆண்டுக்கு 365 மி.கி.: ஒன்றரை யூனிட் இரத்தத்துக்குச் சமம். இவர்கள் சாப்பாட்டோடு தேநீர் குடிப்பது நல்லது. அது உறிஞ்சுதலைக் குறைப்பதை 1979இலேயே நியூ இங்கிலாந்து மருத்துவ இதழ் வெளியிட்டது. அதே பெஞ்சில் இரத்தசோகையோடு உட்கார்ந்திருக்கும் கர்ப்பிணிக்கோ, சாப்பாட்டோடு டீ வேண்டாம் என்கிறோம்!

மேலைநாட்டுக் கையேடுகள், இரும்பு மிகும் மரபு நோயான ஹீமோகுரோமடோசிஸை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. அந்நோய்க்குக் காரணமான, 1996இல் கண்டறியப்பட்ட எச்எஃப்இ மரபணுவின் சி282ஒய் மாற்றம் இங்கே மிக அரிது. அந்தக் கையேடுகளை அப்படியே மொழிபெயர்த்து, சிவப்பு இறைச்சி வேண்டாம் என்று ரேஷன் அரிசிச் சோறும் ரசமும் உண்பவரிடம் நீட்டுவதில் பயனில்லை.

தலசீமியா மரபைச் சுமக்க மட்டும் செய்பவருக்கு அரிசியில் எந்தத் தடையும் வேண்டாம். அவரது சிறிய சிவப்பணுக்களைப் பார்த்ததும், இரும்பு இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் அளவைப் பார்க்காமலே மாதக்கணக்கில் இரும்பு மாத்திரை எழுதுவதை மட்டும் நிறுத்தலாம். ஃபெரிட்டின் உண்மையிலேயே குறைந்திருந்தால், அவருக்கும் மாத்திரை தேவைதான்.