ஆறா, எட்டா?

தில்லியில் மூடுபனி உண்டு, புகை உண்டு; வெண்பனி மட்டும் கிடையாது. இருந்தும் ஜனவரி பிறந்தால் பல வீட்டு ஜன்னல்களில் காகித வெண்பனிப் பூக்கள் பூத்துவிடுகின்றன. குளிர்கால விடுமுறை, வெளியே விடலாமென்றால் காற்று சரியில்லை. மாசு காரணமாகவே 2016 நவம்பரில் தில்லிப் பள்ளிகள் 3 நாள் மூடப்பட்டன. 2024 நவம்பரில் வகுப்புகள் வீட்டுத் திரைக்கு மாறின. அடைபட்ட குழந்தைக்குத் தொலைக்காட்சி, இல்லாவிட்டால் செல்போன். கத்தரிக்கோலும் இருக்கிறது என்பது பலருக்கு நினைவு வருவதில்லை.

கிழக்கு தில்லி அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில் 7 வயதுச் சிறுமி. வீசிங் தொல்லை, பூங்காவுக்குத் தடை. காகிதத்தை நான்காக மடித்து, பிறகு மூலைவாட்டில் மடித்து வெட்டினாள். பிரித்தபோது அழகாகத்தான் இருந்தது. ஓய்வு பெற்ற வேதியியல் ஆசிரியரான தாத்தா முனைகளை எண்ணினார். எட்டு.

"நிஜப் பனிக்கு ஆறுதாம்மா."

"யாரு போய் எண்ணினா தாத்தா?"

நியாயமான கேள்வி. எண்ணியவர்கள் உண்டு. ஏன் ஆறு என்று யோசித்து 1611இல் கெப்ளர் ஒரு சிறு நூலே எழுதினார். அமெரிக்காவின் வெர்மான்ட் விவசாயி வில்சன் பென்ட்லி 1885இல் நுண்ணோக்கியையும் காமிராவையும் இணைத்துப் பனிப் படிகத்தைப் படம் பிடித்தார். வாழ்நாளில் 5,000க்கும் மேல் எடுத்தார். நீர் மூலக்கூறுகள் உறையும்போது அறுகோணமாகக் கைகோத்துக்கொள்கின்றன. ஆறுக்குக் காரணம் அதுதான்.

ஆறு முனைக்கு மடிப்பது கொஞ்சம் வேலை. சதுரக் காகிதத்தை மூலைக்கு மூலை மடித்தால் முக்கோணம். அதன் நீளப் பக்கத்தின் நடுப்புள்ளியிலிருந்து வலது பாகத்தையும் இடது பாகத்தையும் ஒன்றன்மேல் ஒன்றாக மடித்து மூன்று சம பங்காக்க வேண்டும். பாகைமானி வேண்டாம், ஓரங்கள் பொருந்தினால் 60 பாகைதான். மறுபடி பாதியாக மடித்தால் 12 அடுக்கு. மேலே நீட்டிக்கொண்டிருக்கும் காதுகளை நறுக்கிவிட்டு ஓரங்களில் இஷ்டம்போல் வெட்டலாம். ஒரு ஓரத்தை முழுசாக வெட்டிவிட்டால் மட்டும் பூ இருக்காது, துண்டுகள்தான்.

சார்ட் பேப்பர் 12 அடுக்குக்கு வளைந்து கொடுக்காது. பட்டம் செய்யும் மெல்லிய தாள் உத்தமம். ஜனவரியில் ஜெய்ப்பூரிலும் அகமதாபாதிலும் தாராளமாகக் கிடைக்கும். தில்லியில் பட்டம் ஆகஸ்ட் சமாச்சாரம் என்பதால் பழைய நாளிதழே கதி.

சிறுமியின் முதல் மூன்று முயற்சிகளும் குப்பைக்கூடைக்குப் போயின. தாத்தா வாயைத் திறக்கவில்லை. கத்தரிக்கோலைக் கேட்டு வாங்கவும் இல்லை. பெரியவர்களுக்கு மடிப்பதைவிட இதுதான் சிரமம். நான்காவது பிரிந்தபோது ஆறு முனை. நடுவே பங்குச் சந்தை நிலவரம். சோற்றுப் பருக்கையைத் தேய்த்து அதை ஜன்னல் கண்ணாடியில் ஒட்டினாள். வெளியே எதிர்க் கட்டடம் தெரியவில்லை.

எட்டு முனைப் பூவும் பக்கத்திலேயே இருக்கிறது. அதை எடுக்க மாட்டாளாம்.