சோடா விற்ற சிறுவனும் விழுங்கப்பட்ட வரியும்

'திமிரு', 'பிகில்' படங்களில் நீங்கள் வில்லனாகப் பார்த்த ஐ.எம்.விஜயன், இந்தியக் கால்பந்து அணியின் முன்கள வீரராக இருந்தவர். திருச்சூரில் 1969-இல் ஏழைத் தலித் குடும்பத்தில் பிறந்தவர். அங்குள்ள மைதானத்தில் சோடா விற்ற சிறுவன். 1999 தெற்காசியப் போட்டியில் பூட்டானுக்கு எதிராக 12-ஆவது விநாடியிலேயே கோல் அடித்தார். 2003-இல் அர்ஜுனா, 2025-இல் பத்மஸ்ரீ.

"பார்த்தீர்களா, திறமை இருந்தால் சாதி தடையே இல்லை" என்று இதை வைத்தே நமக்குப் பாடம் எடுக்கிறார்கள். தோழர்களே, நடுவில் ஒரு வரியை விழுங்கிவிடுகிறார்கள். பதின்வயதிலேயே அவரை எடுத்துக்கொண்டது கேரள போலீஸ் அணி. 1990, 1991 இரண்டு ஆண்டும் ஃபெடரேஷன் கோப்பையை வென்ற அணி அது. கால் அவருடையது, அந்தக் காலுக்குச் சோறு போட்டது அரசு வேலை.

அந்த வேலை கிடைக்காத சோடாக்காரப் பிள்ளைகள் எத்தனை பேர்? அவர்கள் பெயர் நமக்குத் தெரியாது. திறமை இல்லாததாலா?

அரசு வேலையைச் சுருக்கிக்கொண்டே போகிறவர்கள்தான் விஜயனுக்கு மாலையும் போடுகிறார்கள். உப்பளத்தில் வெறுங்காலோடு பந்து உதைக்கும் நம் பிள்ளைகளுக்கு அவர் படத்தைக் காட்டி ஊக்கம் ஊட்டினால் போதாது. பூட்ஸ் கேட்போம், பயிற்சியாளர் கேட்போம், வேலை கேட்போம். சலுகையாக அல்ல, நம் பங்காக.

ஜெய்பீம்.